ஒரு ஷில்லிங்குக்கு நூறு சொற்கள்

நேயர்களுக்கு வணக்கம். தந்தி என்றதும் நம்மில் மூத்தவர்களுக்கு நினைவுக்கு வருவது, வாசலில் சைக்கிளை நிறுத்தும் தந்திச் சேவகரும் வீட்டுக்குள் எழும் பதற்றமும்தான். அந்தத் தாள் வீடு வந்து சேர்வதற்கு முன்பே, அனுப்பிய ஊரில் ஒரு கணக்கு நடந்து முடிந்திருக்கும். ஒரு சொல்லுக்கு என்ன விலை, அதை யார் தீர்மானித்தார்கள், ஒரே கம்பியில் ஓடிய சொற்களுக்கு ஆளுக்கு ஒரு விலை ஏன் இருந்தது என்ற அந்தக் கணக்கைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன். இதற்கு நான் எடுத்துக்கொண்டிருப்பது பத்தொன்பதாம் நூற்றாண்டு பிரிட்டன்.

1870ஆம் ஆண்டு பிப்ரவரி 5ஆம் நாள், பிரிட்டனின் உள்நாட்டுத் தந்திச் சேவை தனியார் நிறுவனங்களிடமிருந்து அஞ்சல் துறையின் கைக்கு வந்தது. அன்று முதல் பொதுமக்களில் எவரும் நாட்டின் எந்த மூலைக்கும் 20 சொற்களை ஒரு ஷில்லிங்குக்கு அனுப்பலாம். அதற்கு மேல் ஒவ்வொரு 5 சொற்களுக்கும் 3 பென்ஸ். முகவரிக்குக் கட்டணம் இல்லை. செய்தித்தாள்களுக்கோ மாலை 6 மணி முதல் காலை 9 மணி வரை 100 சொற்களுக்கு ஒரு ஷில்லிங், பகலில் 75 சொற்களுக்கு ஒரு ஷில்லிங் என்று சட்டமே விலை வகுத்திருந்தது. அதே செய்தி வேறு முகவரிகளுக்கும் போக வேண்டுமானால், கூடுதலான ஒவ்வொரு முகவரிக்கும் 2 பென்ஸ் தந்தால் போதும்.

ஒரு ஷில்லிங் என்பது 12 பென்ஸ். இரவில் 100 சொற்கள் கொண்ட ஒரு செய்தி 100 பத்திரிகைகளுக்குப் போவதாக வைத்துக்கொள்வோம். முதல் பத்திரிகைக்கு 12 பென்ஸ், மற்ற 99 பத்திரிகைகளுக்கு 198 பென்ஸ், ஆக மொத்தம் 210 பென்ஸ், அதாவது 17 ஷில்லிங் 6 பென்ஸ். பத்திரிகை ஒன்றுக்கு இரண்டு பென்சுக்குச் சற்றே கூடுதல். அதே 100 சொற்களைத் தம் சொந்தக் காரியத்துக்காக ஒரு வணிகரோ ஒரு தாயோ ஒரே ஓர் ஊருக்கு அனுப்பினால் அவர் கொடுக்க வேண்டியது 5 ஷில்லிங், அதாவது 60 பென்ஸ். இந்த இடைவெளி எப்படி வந்தது என்பதை அறிய, அதற்கு முந்தைய சில ஆண்டுகளுக்குப் போக வேண்டும்.

1865இல் தனியார் தந்தி நிறுவனங்கள் கூடிப் பேசித் தமக்குள் ஒரே கட்டண வீதத்தை வைத்துக்கொண்டன: 100 மைல் வரை ஒரு ஷில்லிங், 200 மைல் வரை ஒன்றரை ஷில்லிங், அதற்கு மேல் 2 ஷில்லிங். விலையைவிடப் பத்திரிகைகளை வருத்தியது வேறொன்று. நாடாளுமன்றச் செய்தி, சந்தை நிலவரம், குதிரைப் பந்தய முடிவு ஆகியவற்றைத் திரட்டி எழுதி அனுப்பும் வேலையையும் அந்த நிறுவனங்களே தம்மிடம் வைத்திருந்தன. மாகாணப் பத்திரிகைகள் சந்தா கட்டி அவர்கள் தருவதை அப்படியே வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. கம்பிக்குச் சொந்தக்காரர்களே செய்திக்கும் சொந்தக்காரர்களாக இருந்ததில் அந்தப் பத்திரிகைகளுக்கு இருந்த கசப்பு நியாயமானது என்றே நான் கருதுகிறேன். தந்தியை அரசு வாங்க வேண்டும் என்ற முயற்சிக்கு அவை முழு மனத்தோடு துணை நின்றன. 1868இல் பிரஸ் அசோசியேஷன் என்ற தம் சொந்தச் செய்தி நிறுவனத்தைத் தொடங்கின. அஞ்சல் துறையில் இந்த மாற்றத்தை முன்னின்று நடத்திய பிராங்க் ஐவ்ஸ் ஸ்கடமோருக்கு அவர்களின் ஆதரவு தேவைப்பட்டது. அந்த ஆதரவு சலுகைக் கட்டணமாக 1868ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இடம் பிடித்தது. பதிவு பெற்ற செய்தித்தாள்களோடு வாசிப்புக் கூடங்களும் மன்றங்களும் வணிகர் கூடும் அறைகளும்கூட இந்தச் சலுகையைப் பெறலாம் என்று அச்சட்டம் கூறியது.

இரவில் ஏன் மலிவு என்று கேட்டால், பொதுமக்களின் தந்திகள் ஓய்ந்த பிறகு கம்பி சும்மா கிடக்கும். காலைப் பதிப்புக்கு வேண்டிய செய்தியோ அந்த நேரத்தில்தான் பிறக்கும். இதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் நம் நாட்டில் நிலைமை நேர்மாறாக இருந்தது. வில்லியம் ஓஷாக்னசி அமைத்த தந்திக் கம்பிகள் 1855இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டபோது, முகவரியையும் சேர்த்து 16 சொற்களுக்கு ஒவ்வொரு 400 மைலுக்கும் ஒரு ரூபாய் என்று கட்டணம் வைத்தார்கள். மாலை 6 முதல் காலை 6 வரை அனுப்பினால் அது இரட்டிப்பானது. கல்கத்தாவிலிருந்து சென்னைக்குச் சேதி சொல்ல நினைத்தவர் தூரத்துக்கும் முகவரிக்கும் இருளுக்கும் தனித்தனியாகப் பணம் கட்டினார் என்றுதான் சொல்ல வேண்டும்.

பிரிட்டனின் சலுகைக்குத் திரும்புவோம். தந்தி நிறுவனங்களையும் உரிமைகளையும் வாங்க அரசு செலவிட்டது சுமார் 1 கோடி பவுண்டு, முதலில் மதிப்பிட்டதைவிடப் பல மடங்கு. வட்டியையும் சேர்த்துப் பார்த்தால் தந்தித் துறை நட்டத்தில் ஓடியது. பத்திரிகைத் தந்திகள் அந்த நட்டத்துக்கு ஒரு முக்கியக் காரணம் என்று அதிகாரிகள் மீண்டும் மீண்டும் முறையிட்டார்கள். அரசுடைமையை முன்பு ஆதரித்த பொருளியலாளர் வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ், 1875இல் தம் ஏமாற்றத்தை வெளிப்படையாகவே எழுதினார். அவர் காட்டிய காரணம் எளிமையானது, ஆனால் ஆழமானது. நூறு கடிதங்களை ஒரே பையில் போட்டு ஒரே ரயிலில் அனுப்பலாம். பத்தைச் சேர்த்தால் செலவு அதிகம் கூடாது. தந்தி அப்படியன்று. ஒவ்வொரு தந்தியும் கம்பியைத் தனக்கென்று சில நிமிடம் பிடித்துக்கொள்கிறது, ஒவ்வொன்றையும் ஒரு பையன் தனியே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியிருக்கிறது. எனவே அஞ்சலைப் போல விலையைக் குறைத்துப் பெருக்கத்தால் ஈடுகட்டலாம் என்ற நம்பிக்கை இங்கே பலிக்காது என்றார்.

ஜெவன்சின் கணக்கு சரி. ஆயினும் அந்தச் சலுகை வீண் என்று நான் சொல்ல மாட்டேன். நாடாளுமன்றத்தில் நள்ளிரவில் பேசிய பேச்சை மான்செஸ்டரிலும் லீட்ஸிலும் இருந்தவர்கள், லண்டன் பத்திரிகை ரயிலில் வந்து சேரக் காத்திராமல், தம் ஊர்ப் பத்திரிகையிலேயே காலையில் படிக்க முடிந்ததற்கு அந்த 2 பென்ஸ் கட்டணம் பெரிதும் உதவியது. என் குறை வேறு: விலையின் எண்களையே சட்டத்துக்குள் எழுதி வைத்ததால், நட்டம் கண்ணுக்குத் தெரிந்த பிறகும் அஞ்சல் துறையால் தானாக அதைத் திருத்த முடியாமல் போயிற்று. அந்தப் பாரத்தைச் சுமந்தவர்கள், வாழ்நாளில் ஒரு தந்திகூட அனுப்பாத வரி கட்டுவோரும்தான்.

பொதுமக்களுக்கான விலை குறைய 1885ஆம் ஆண்டு அக்டோபர் வரை ஆயிற்று. 12 சொற்களுக்கு 6 பென்ஸ், கூடுதல் சொல் ஒவ்வொன்றுக்கும் அரை பென்னி. கேட்பதற்குப் பாதி விலை என்று தோன்றும். ஆனால் அதுவரை இலவசமாக இருந்த முகவரி இப்போது அந்த 12 சொற்களுக்குள் வந்துவிட்டது. தெருப் பெயரும் ஊர்ப் பெயரும் ஐந்தாறு சொற்களைத் தின்றுவிட்டால் மிஞ்சுவது ஆறோ ஏழோதான். வணிக நிறுவனங்கள் ஆண்டுக்கு ஒரு கினி, அதாவது 21 ஷில்லிங் கட்டி, ஒரே சொல்லாலான முகவரியைப் பதிவு செய்துகொண்டு தப்பித்தன. என்றோ ஒரு நாள் சாவுச் செய்தி சொல்ல வரும் தொழிலாளிக்கு அந்த வழி இல்லை. இந்த விதியில்தான் எனக்கு மிகுந்த மனக்குறை.

நம் ஊர்த் தந்தி நிலையங்களிலும் முகவரியை எண்ணித்தான் காசு வாங்கினார்கள். சிறுவயதில் என் தந்தையாரோடு நான் அங்கே நின்றிருக்கிறேன். ஆங்கிலம் தெரிந்தவர் என்பதால் படிவத்தை நீட்டி அவரிடம் எழுதித் தரச் சொல்பவர்கள் எப்போதும் இருப்பார்கள். தாயின் உடல்நிலையைப் பற்றி அவர்கள் நெடுநேரம் சொல்வதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அவர் எழுதுவது நான்கே சொற்கள்: "மதர் சீரியஸ் ஸ்டார்ட் இம்மீடியட்லி." பிறகு மகனின் முகவரியைக் கேட்பார்; அந்த மனிதர் கதவு எண்ணிலிருந்து தொடங்கி, பக்கத்துக் கோயிலின் பெயர் வரைக்கும் சொல்லுவார்; எந்தெந்தச் சொல்லை விட்டுவிட்டாலும் தந்தி போய்ச் சேரும் என்பதை அப்பா ஒவ்வொன்றாக விரல்விட்டு எண்ணிக்கொண்டிருப்பார்.

வணக்கம்.