சோப்பைத் தொட்டாப் போதும்னு நெனச்ச என் பிள்ளைங்க | ப்ளே ஸ்கூல் வ்லாக்

ஹாய், எல்லாருக்கும் வணக்கம். சத்தம் எக்கோ அடிச்சா கொஞ்சம் பொறுத்துக்கோங்க, பிள்ளைங்க எல்லாம் இப்பதான் போனாங்க, ரூம் காலியா கெடக்கு, போனை சத்துமாவு டப்பா மேல சாய்ச்சு வச்சிருக்கேன், எப்ப விழும்னு தெரியாது.

புதுசா பாக்குறவங்களுக்கு, நான் திண்டுக்கல்ல எங்க வீட்டு முன்ரூம்லயே சின்னதா ப்ளே ஸ்கூல் நடத்துறேன். 17 பிள்ளைங்க, ரெண்டரை வயசுல இருந்து நாலரை வரைக்கும். நெறைய பேர் கேட்டீங்க, கை கழுவுறது, பாதுகாப்பு இதெல்லாம் இவ்ளோ சின்னப் பிள்ளைங்களுக்கு எப்படி சொல்லிக்குடுக்குறீங்கன்னு. சொல்றேன், ஆனா மொதல்ல நான் சொதப்பின கதையைச் சொல்லணும்.

அந்த மிளகுத்தூள் விஷயம் பாத்திருப்பீங்கல்ல? தட்டுல தண்ணி ஊத்தி மேல மிளகுத்தூளத் தூவி, விரல்ல சோப்பு தொட்டு நடுவுல வச்சா மிளகு எல்லாம் டக்குனு ஓரத்துக்கு ஓடும். அக்டோபர் 15 உலக கை கழுவுற நாள்ல, அதான் அன்னிக்குன்னு பாத்து எல்லாரும் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைப்போம்ல, நானும் செஞ்சேன். பாருங்கடா, மிளகுதான் கிருமி, சோப்பப் பாத்து எப்படி பயந்து ஓடுதுன்னு ஒரே பில்டப்பு. பிள்ளைங்களும் கைதட்டி குதிச்சாங்க. எனக்கும் பெருமை தாங்கல.

மதியம் சாப்பாட்டுக்கு கை கழுவ விட்டேன். ஒவ்வொருத்தரா போறாங்க, ஆள்காட்டி விரலால சோப்பத் தொடுறாங்க, ஒரே ஒரு தொடுதான், என்கிட்ட விரலைக் காட்டி "மிஸ், கிருமி ஓடிருச்சு"ன்னு சொல்லிட்டு நேரா போயி தயிர்சாதத்துல கைய வச்சுட்டாங்க. நான் என்னத்த சொல்ல, அவங்க மேல தப்பே இல்ல, நான் காட்டுனதத்தான் செஞ்சாங்க. உண்மையில அங்க யாரும் யாரையும் பாத்து பயப்படல. தண்ணியோட மேல்பரப்பு மெல்லிசா ஒரு தோல் இழுத்துக் கட்டின மாதிரி இருக்கும், சோப்பு பட்ட எடத்துல அந்த இழுவை கொறஞ்சுரும், சுத்தி இருக்குற தண்ணி வெளிப்பக்கமா இழுக்கும், மிளகும் அதோட போகும், அவ்ளோதான். கைல அப்படி இல்லீங்க. சோப்பு அழுக்கையும் பிசுக்கையும் தோல்ல இருந்து பிரிச்சு விடுது, நாம தேய்க்கணும், அப்புறம் தண்ணிதான் அதை அடிச்சுட்டுப் போகணும். தேய்க்காம ஒண்ணும் நடக்காது. இந்த மூணுல நான் தேய்க்கிறதையே காட்டலையே!

அதனால இப்ப வேற மாதிரி செய்றேன், இன்னிக்கு செஞ்சதும் அதான். ஒரு சொட்டு தேங்காய் எண்ணெயை உள்ளங்கைல தடவிவிட்டு, மேல கேழ்வரகு மாவைக் கொஞ்சம் தூவி, நல்லா பூசிக்கச் சொல்றது. மொதல்ல மஞ்சத்தூள்தான் போட்டேன், யூனிபார்ம்ல கறை புடிச்சு நாலு அம்மாமார்கிட்ட திட்டு வாங்குனேன், அதுலருந்து கேழ்வரகுதான், வாயில வச்சாலும் ஒண்ணும் இல்ல. இப்ப வெறும் தண்ணில கழுவுங்கடான்னு விடுவேன். போகாது. எண்ணெய்ல்ல, தண்ணி முத்து முத்தா உருண்டு ஓடும். ஒரு குட்டிப்பையன் சுத்திப் பாத்துட்டு டவுசர்ல தொடச்சுட்டான், "மிஸ் போயிருச்சு"ன்னான். எங்கடா போச்சுன்னு கேட்டேன், குனிஞ்சு டவுசரப் பாத்தான், அவன் மொகத்தப் பாக்கணுமே! அதுக்கப்புறம்தான் சோப்பு குடுக்குறது. நுரை வச்சு தேய்ச்சு கழுவிட்டு, மாவு எங்கெங்க மிச்சம் இருக்குன்னு அவங்களையே தேடச் சொல்லுவேன். எப்பவும் மூணே எடந்தான், கட்டை விரலு, விரல் இடுக்கு, நகக்கண்ணு. கட்டை விரலை யாருமே கண்டுக்குறதில்ல, பாவம், அதுக்குத் தனியா ஒரு குளியல் போடுங்கடான்னு சொல்லி வச்சிருக்கேன்.

20 செகண்ட் தேய்க்கணும், எண்ணச் சொன்னா அஞ்சுக்கு அப்புறம் நேரா பத்துக்கு போயிருவாங்க. அதனால நான் கூட நின்னு மெதுவா பத்து வரை ரெண்டு தடவை எண்ணுறேன். பைப்பு எட்டாதவங்களுக்கு பிளாஸ்டிக் பாட்டில் மூடில ஊசி சுட்டு ஓட்டை போட்டு கவுத்துக் கட்டியிருக்கேன், சோப்பு பூண்டு வர்ற வலைப்பைக்குள்ள தொங்குது, கீழ வழுக்கி விழாது.

நகத்தைப் பத்தி அம்மாக்களுக்கு ஒண்ணு. ராத்திரில பிள்ளை பின்னாடி சொறியுதுன்னா அது பெரும்பாலும் கீரிப்பூச்சிதான், ராத்திரிதான் அது வெளிய வந்து முட்டை போடும், அந்த முட்டை சொறியுற நகத்துக்குள்ள ஏறி திரும்ப வாய்க்கே போகும். பூச்சி மாத்திரை குடுத்துட்டு நகத்த வெட்டாம விட்டீங்கன்னா மறுபடியும் அதே கதைதான்.

சரி, பாதுகாப்பு. ஒரு பெரிய தட்டுல சாமான் பரப்பி வச்சு, இந்தப் பக்கம் தொடலாம், அந்தப் பக்கம் பெரியவங்களக் கூப்பிடணும்னு பிரிக்கச் சொல்லுவேன். சீப்பு, தீப்பெட்டி (குச்சி எடுத்துட்டு), கரண்டி, காலி மாத்திரை அட்டை, ரிமோட் மூடி, பட்டன் மிட்டாய். போன வாரம் ஒரு பாப்பா மாத்திரை அட்டையை எடுத்து அழகா மிட்டாய் பக்கத்துல வச்சா. ஏன் தங்கம்னு கேட்டா, "அம்மா மிட்டாய்னு சொன்னாங்க". மருந்து குடிக்க அடம்புடிக்கும், நாம எல்லாருமே அப்படி ஒரு பொய் சொல்லியிருப்போம், நானும் என் பையனுக்கு சொல்லியிருக்கேன். இனிமே மருந்தை மருந்துன்னே சொல்லுங்க, அழுதா அழுதுட்டுப் போகட்டும்.

அதே மாதிரிதான் கூல்ட்ரிங்ஸ் பாட்டில்ல பினாயில் ஊத்தி வைக்கிறதும். மூணு வயசுப் பிள்ளைக்கு படிக்கத் தெரியாது, பாட்டிலப் பாத்துத்தான் முடிவு பண்ணும். தட்டுல பிரிக்கச் சொல்லியெல்லாம் இத சரி பண்ண முடியாது, பாட்டிலை மாத்த வேண்டியது நாமதான். தப்பித்தவறி மண்ணெண்ணெயோ ஆசிடோ குடிச்சிட்டா, உப்புத்தண்ணி குடுத்து வாந்தி எடுக்க வைக்காதீங்க, ஏறி வரும்போது இன்னொரு தடவை புண்ணாக்கும், நுரையீரலுக்குள்ளயும் போயிரும். 108க்கு அடிங்க, பாட்டிலையும் கையோட எடுத்துட்டுப் போங்க. ரிமோட், பொம்மைல இருக்குற பட்டன் பேட்டரி முழுங்கிட்டா வெளிய வந்துரும்னு காத்திருக்கவே கூடாது, உணவுக்குழாய்ல மாட்டிக்கிட்டா ரெண்டு மணி நேரத்துலயே அரிச்சுரும், வயிறு வலிக்கலன்னாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க. பாத்ரூம் வாளில கொஞ்சமா தண்ணி நின்னாலும் கவுத்து வைங்க, தவழுற பிள்ளை தலைகுப்புற விழுந்தா எந்திரிக்கத் தெரியாது.

நல்ல தொடுதல், கெட்ட தொடுதல் பத்தி கேட்டவங்களுக்கு, பொம்மை வச்சு எப்படி சொல்றேன்னு தனியா ஒரு வீடியோ போடுறேன், இதுல அவசரமா சொன்னா சரியா வராது. அதுவரைக்கும் 1098, சைல்டு ஹெல்ப்லைன், போன்ல சேவ் பண்ணி வச்சுக்கோங்க.

இன்னும் ஒண்ணு சொல்ல வந்தேன்... அய்யய்யோ, இங்க பாருங்க, காட்டுறேன் இருங்க, தெரியுதா? பாயி பூரா எறும்பு. கேழ்வரகு மாவை தட்டாம உக்காந்து உங்ககிட்ட பேசிட்டு இருக்கேன். நான் போயி பாய ஒதறிட்டு வர்றேன், பை.