பேருந்துப் பிரிவினையை நீக்கியது எந்த நீதிமன்றம்? - நேயர் கேள்விக்கு விளக்கம்

அடுத்த கேள்விக்கு வருவோம். போன காணொளியில் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து மாண்ட்கோமரி நகரில், வெள்ளையருக்கும் கறுப்பின மக்களுக்கும் தனித்தனி இருக்கை என்ற பிரிவினையை எதிர்த்து நடந்த பேருந்துப் புறக்கணிப்பைப் பற்றிப் பேசியிருந்தேன். அதைப் பார்த்த நண்பர் ஒருவர் கேட்கிறார்: "இருக்கையை விட்டு எழ மறுத்த கறுப்பினப் பெண் ரோசா பார்க்ஸ் கைதானார், மக்கள் பேருந்தில் ஏற மறுத்தார்கள், கடைசியில் நீதிமன்றம் பிரிவினையை நீக்கியது என்று சொன்னீர்கள். அது எந்த நீதிமன்றம்? நீதிபதிகளும் அதே மாநிலத்து வெள்ளையர்கள்தானே, அவர்கள் எப்படி இந்தத் தீர்ப்பைக் கொடுத்தார்கள்?"

அது அலபாமா நடு மாவட்டக் கூட்டாட்சி நீதிமன்றம். 1820இல் அலபாமா முழுவதும் ஒரே நீதிமன்ற மாவட்டமாக இருந்தது. 1824இல் வடக்கு, தெற்கு என்று பிரித்தார்கள். 1839இல் நடு மாவட்டம் வந்தது. மாவட்ட நீதிமன்றம் என்றதும் நம் ஊர் மாவட்ட நீதிமன்றத்தை நினைத்துவிடாதீர்கள். அங்கே மாநில நீதிமன்றங்கள் ஒரு வரிசை, கூட்டாட்சி நீதிமன்றங்கள், அதாவது மத்திய அரசின் நீதிமன்றங்கள், இன்னொரு வரிசை. கூட்டாட்சி வரிசையின் அடிப்படியில் இருந்து சாட்சி விசாரிக்கும் நீதிமன்றம்தான் இது. ஆனாலும் ஒரு சட்டம் அரசியல் சாசனத்துக்கு விரோதமானது என்று சொல்லும் அதிகாரம் இதற்கு உண்டு.

உங்கள் கேள்விக்கான பாதி பதில் நியமன முறையிலேயே இருக்கிறது. அலபாமாவின் மாநில நீதிபதிகள் தேர்தலில் நின்று ஓட்டு வாங்கி வருகிறவர்கள். அந்தக் காலத்தில் அங்கே கறுப்பின மக்களில் பெரும்பாலோரை வாக்காளர் பட்டியலில் சேரவே விடவில்லை. அப்படியானால் ஓட்டு கேட்டு வரும் நீதிபதி யாருக்குப் பயப்படுவார் என்று யோசித்துப் பாருங்கள். கூட்டாட்சி நீதிபதியை அதிபர் நியமிக்கிறார், செனட் ஒப்புதல் தருகிறது. பதவி ஆயுள் முழுவதும். சம்பளத்தைக் குறைக்கக்கூட முடியாது.

புறக்கணித்த மக்கள் தரப்பு வழக்கறிஞர் ஃப்ரெட் கிரேக்கு இது நன்றாகத் தெரியும். அப்போது அவருக்கு வயது 25. ரோசா பார்க்ஸின் வழக்கு மாநில நீதிமன்றத்தில் மேல்முறையீட்டில் இருந்தது. அதையும் புது வழக்கையும் சேர்த்தால் சிக்கலாகிவிடும் என்று பார்க்ஸை விட்டுவிட்டு, 1956 பிப்ரவரி 1 அன்று வேறு பெண்களை வாதிகளாக வைத்துக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். அரீலியா பிரௌடர், சூசி மெக்டொனால்ட், மேரி லூயிஸ் ஸ்மித், அப்புறம் கிளாடெட் கோல்வின். இந்தக் கோல்வின், பார்க்ஸுக்கு ஒன்பது மாதம் முன்பே, 15 வயதில், இருக்கையை விட்டு எழ மறுத்துக் கைதான பள்ளி மாணவி. சாட்சிக் கூண்டில் நகரத் தரப்பு வழக்கறிஞர், உங்களை யாரோ தலைவர் தூண்டிவிட்டார் என்று காட்டத் துருவித் துருவிக் கேட்டார். எங்களுக்கு நாங்களேதான் தலைவர் என்று அந்தப் பெண் பதில் சொன்னார். இந்த வழக்கில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

மாநிலச் சட்டத்தையே எதிர்க்கும் வழக்கு என்பதால், அன்றைய விதிப்படி மூன்று நீதிபதிகள் உட்கார்ந்தார்கள்: ரிச்சர்ட் ரைவ்ஸ், சீபோர்ன் லின், ஃபிராங்க் ஜான்சன். மூவருமே அலபாமாக்காரர்கள். உச்ச நீதிமன்றத்தின் 1896ஆம் ஆண்டு பிளெஸ்ஸி தீர்ப்பு, ரயிலில் தனித்தனிப் பெட்டி செல்லும் என்று சொல்லியிருந்தது. 1954இல் வந்த பிரௌன் தீர்ப்பு பள்ளிக்கூடங்களில் பிரிவினை கூடாது என்றது, போக்குவரத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. உச்ச நீதிமன்றம் தானே ரத்து செய்யாத ஒரு தீர்ப்பை விசாரணை நீதிமன்றம் மீறலாமா? கூடாது என்றார் லின். ரைவ்ஸும் ஜான்சனும், பிளெஸ்ஸி ஏற்கெனவே செத்துப்போன தீர்ப்பு என்றார்கள். லின் சொன்னது சட்ட ஒழுங்கின்படி வலுவான வாதம்தான். ஆனால் 1955லேயே பொதுக் கடற்கரை, கோல்ஃப் மைதான வழக்குகளிலும் பிரிவினை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருந்தது. அதற்குப் பிறகும் பேருந்தை மட்டும் ஒதுக்கி வைக்க நியாயமே இல்லை என்பது என் கருத்து.

ஜூன் 5 அன்று, இரண்டுக்கு ஒன்று என்று தீர்ப்பு வந்தது. நவம்பர் 13இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. டிசம்பர் 20 அன்று உத்தரவு மாண்ட்கோமரிக்கு வந்து சேர, மறுநாள் காலை மக்கள் விரும்பிய இருக்கையில் உட்கார்ந்து பயணம் செய்தார்கள்.

ஃபிராங்க் ஜான்சனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வடக்கு அலபாமாவின் வின்ஸ்டன் கவுண்டிக்காரர். உள்நாட்டுப் போரின்போது அமெரிக்காவை விட்டுப் பிரிவதை எதிர்த்த பகுதி அது. இரண்டாம் உலகப் போரில் நார்மண்டியில் காயம் பட்டவர். 1955இல் அதிபர் ஐசன்ஹோவர் அவரை நியமித்தபோது வயது 36. பேருந்துத் தீர்ப்புக்குப் பிறகு அவரை மிரட்ட, அவர் வீட்டுப் புல்வெளியில் சிலுவையைக் கொளுத்தினார்கள். 1967இல் அவருடைய அம்மா வீட்டில் குண்டு வைத்தார்கள். நல்லவேளை, அந்த அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. பிரிவினையைத் தூக்கிப் பிடித்த ஆளுநர் ஜார்ஜ் வாலஸ், இவரோடு ஒரே சட்டக் கல்லூரியில் படித்தவர். 1965இல் கறுப்பின மக்கள் ஓட்டுரிமை கேட்டுச் செல்மா நகரிலிருந்து மாண்ட்கோமரிக்கு ஊர்வலம் போகலாம் என்று அந்த வாலஸுக்கு எதிராகவே ஜான்சன் உத்தரவிட்டார். அனுபவிக்கும் அநீதி எவ்வளவு பெரிதோ, போராடும் உரிமையும் அந்த அளவுக்கு இருக்க வேண்டும் என்பது அவர் சொன்ன காரணம். அதே சமயம், சாட்சிகளைக் கேட்டு முடிக்கும்வரை ஊர்வலம் போகக் கூடாது என்று தடுத்து வைத்ததும் அவர்தான்.

எல்லா வழக்கிலும் கறுப்பின மக்கள் பக்கமே நின்றார் என்றும் நினைக்க வேண்டாம். அலபாமாவின் டஸ்கீகி நகர எல்லையை 28 பக்கம் கொண்ட ஒரு வினோத வடிவமாக வெட்டி, கறுப்பின வாக்காளர்களை வெளியே தள்ளினார்கள். அந்த வழக்கை ஜான்சன் முதலில் தள்ளுபடி செய்தார். 1960இல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. பிறகு அவரே அந்த எல்லைச் சட்டத்தை ரத்து செய்தார். 1979இல் அவர் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனார். காலியான இடத்துக்கு 1980இல் ஜிம்மி கார்ட்டர் நியமித்தவர் மைரன் தாம்ப்சன் என்ற கறுப்பின நீதிபதி. அவர் பிறந்த ஊரே டஸ்கீகிதான்.

உள்ளூர் வெள்ளையர்கள் எப்படி என்று கேட்டீர்கள் இல்லையா, ஜூரிகளின், அதாவது குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்லும் பொதுமக்கள் குழுக்களின், கதையும் அதுதான். செல்மா ஊர்வலம் முடிந்த இரவு ஊர்வலத்துக்கு உதவிய வயோலா லியூசோ என்ற வெள்ளைக்காரப் பெண்ணை, வெள்ளை இனவெறி அமைப்பான கூ கிளக்ஸ் கிளான் ஆட்கள் சுட்டுக் கொன்றார்கள். மாநில நீதிமன்ற ஜூரி, சுட்டதாகக் குற்றம் சாட்டப்பட்டவரை விடுதலை செய்தது. அதற்குப் பிறகு மூன்று பேர் மீது கூட்டாட்சி வழக்கு ஜான்சன் முன் வந்தது. அங்கும் ஜூரி முழுக்க வெள்ளையர்கள். எங்களால் ஒத்த முடிவுக்கு வர முடியவில்லை என்று திரும்பி வந்தார்கள். போய் மறுபடியும் பேசுங்கள் என்று ஜான்சன் அனுப்பி வைத்தார். 1965 டிசம்பர் 3 அன்று, மூவரும் குற்றவாளிகள் என்று அந்த ஜூரி சொன்னது. ஆளுக்குப் பத்து ஆண்டு சிறை.