கழுகு இறக்கையைச் சுருக்கி வெட்டினால் பறக்குமா?

கோத்தகிரியிலிருந்து ஒரு பிளஸ் ஒன் தம்பி கேட்டிருக்கிறார்: "சோலைக்கு மேலே வட்டமிடும் கருங்கழுகின் இறக்கையை அப்படியே சுருக்கி, 30 சென்டிமீட்டர் தெர்மாகோல் விமானத்தில் ஒட்டினால் அதுபோலவே மிதக்குமா?" படித்ததும் எனக்கு ஒரே சந்தோஷம்.

பறக்கும், ஆனால் கழுகு மாதிரி மிதக்காது. இறக்கையைச் சுருக்கலாம், காற்றைச் சுருக்க முடியாதே! பழைய ஆட்களுக்கு ரெனால்ட்ஸ் எண் அலுத்திருக்கும். பரவாயில்லை, இன்னொரு முறை கேளுங்கள். வேகம், இறக்கையின் அகலம் (முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரை), காற்றின் அடர்த்தி, பாகுத்தன்மை எல்லாம் சேர்ந்து தரும் எண் அது; எண் சிறுக்கச் சிறுக்க காற்றின் பிசுபிசுப்பு கை ஓங்கும். கழுகுக்குச் சுமார் 2 லட்சம். தம்பியின் 6 சென்டிமீட்டர் அகல இறக்கைக்கு 20,000 பக்கம்தான் வரும். அங்கே பருத்த இறக்கை எடுபடாது. மேற்பரப்பை ஒட்டி ஓடும் காற்று பாதி வழியில் பிரிந்துபோய்விடும். மெல்லிய தாளை 3 மில்லிமீட்டர் உயரத்துக்கு வளைத்தாலே போதும்.

சரி, கழுகின் இறக்கை நுனியில் விரல்போல் விரிந்திருக்கும் அந்த இறகுகள்? கழுகுக்கு அவை இறக்கை நுனியில் சுழலும் காற்றால் வரும் இழுவையைக் குறைக்கின்றன. நீங்கள் வெட்டினால் ஒரு விரல் 1 சென்டிமீட்டர். அதன் ரெனால்ட்ஸ் எண் மூவாயிரம், நாலாயிரம்தான்! காற்றை இழுப்பதுதான் மிச்சம். பார்க்க அழகாக இருக்கும், அவ்வளவுதான். காப்பியடிக்க உழவாரன்தான் (ஸ்விஃப்ட்) சரியான பறவை: இறக்கையின் வெளிப்பாதி மெல்லியது, முன்விளிம்பு கூரானது.

ஆனால் நீங்கள் கேட்டிருக்க வேண்டியது வேறு கேள்வி தம்பி: கோவையில் பறக்கும் மாடல் ஊட்டியில் ஏன் விழுகிறது? ஊட்டியில் ஒருமுறை ஒரு கோவைக்காரர், எறிந்தவுடன் தொபுக்கென்று விழுகிறதே என்று மோட்டாரைத் திட்டிக்கொண்டிருந்தார். பாவம், மோட்டார் என்ன செய்யும்? 2,240 மீட்டரில் காற்றின் அடர்த்தி கோவையைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. அதே எடையைத் தூக்க 10 சதவீதம் கூடுதல் வேகம் வேண்டும். "பேட்டரியை மாற்றுங்க சார்" என்றேன். சின்ன பேட்டரி போட்டு, எடை மையம் நகராதபடி அதை மூக்குப்பக்கம் தள்ளினார். அப்புறம் ஒழுங்காகப் பறந்தது. நம் மலையில் இறக்கை வடிவத்துக்கு முன்னால் எடையைத்தான் பார்க்க வேண்டும்; இதை எத்தனை வீடியோவில் சொன்னாலும் எனக்கு ஆசை தீராது.

தம்பி, உங்கள் விமானம் எத்தனை கிராம்? பேட்டரியோடு நிறுத்துப் பார்த்து கமெண்டில் போடுங்கள், இறக்கையின் அகலத்தை அப்புறம் பேசலாம்.