அவர் வாயிலிருந்து எழுதினார்கள்

(தலைப்பு: தொடக்ககால ஆங்கில இலக்கியத்துக்கு உயிர் கொடுத்தது பாணனின் யாழா, துறவியின் இறகுப் பேனாவா? ‘பாணனின் யாழே’ என்ற அணியில் நிகழ்த்திய உரை.)

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அரங்கம் நிறைய அமர்ந்திருக்கும் மாணவச் செல்வங்களே, எல்லோருக்கும் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அம்மையார் ஒரு கேள்வியை இந்த மேடையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். “மடாலயத்துத் துறவி கன்றுத்தோலில் எழுதி வைக்காமல் போயிருந்தால், பழைய ஆங்கிலத்தில் ஒரு வரியாவது இன்று உங்கள் கையில் இருக்குமா?” என்று கேட்டார். நீங்களும் கை தட்டினீர்கள். இருக்காது அம்மா, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நடுவர் அவர்களே, காத்து வைத்தது யார் என்று நம் தலைப்பு கேட்கவில்லை. உயிர் கொடுத்தது யார் என்று கேட்கிறது. பிள்ளையைத் தூக்கி வளர்த்தவரைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். அதற்காகப் பெற்றவளின் பெயரை மாற்றி எழுத விடமாட்டேன்.

1939-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில், சட்டன் ஹூ என்ற இடத்தில் ஒரு மண்மேட்டைத் தோண்டினார்கள். உள்ளே ஒரு கப்பல், 27 மீட்டர் நீளம். மரம் முழுக்க மக்கிப்போய், மணலில் பதிந்த அச்சும் துருப்பிடித்த ஆணிகளும்தான் மிச்சம். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓர் அரசனை அந்தக் கப்பலோடு புதைத்திருக்கிறார்கள். ஈஸ்ட் ஆங்கிலியாவை ஆண்ட ரெட்வால்டாக இருக்கலாம் என்பது பல ஆய்வாளர்களின் கணிப்பு. தலைக்கவசம், வாள், கேடயம், தங்கக் காசு, வெள்ளித் தட்டு எல்லாம் கிடைத்தன. ஒரு வெண்கலக் கிண்ணத்துக்குள் மேப்பிள் மரத்துண்டுகள் சிலவும் கிடந்தன. அவற்றோடு ஒட்டியிருந்தது பீவர் என்கிற விலங்கின் தோல். முதலில் அது வேறு வகை இசைக்கருவி என்று நினைத்து ஒட்டிப் பார்த்தார்கள். பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது, அது ஆறு நரம்புள்ள யாழ். தோல் உறைக்குள் பத்திரமாக வைத்து அரசனோடு அனுப்பியிருக்கிறார்கள்.

இறந்த மன்னனுக்கு மறுமையில் எதெல்லாம் வேண்டும் என்று அந்த மக்கள் நினைத்தார்களோ, அதையெல்லாம் அடுக்கினார்கள். வாளை வைத்தார்கள், யாழை வைத்தார்கள். அந்தக் கல்லறையில் ஒரு புத்தகம்கூட இல்லை.

இவர்கள் யார்? ரோமானிய ஆட்சி 410-ஐ ஒட்டி பிரிட்டனைக் கைவிட்ட பிறகு, வடகடலைத் தாண்டி வந்த ஆங்கிள்கள், சாக்சன்கள், ஜூட்டுகள். 449 என்று பிற்காலத்தில் துறவி பீட் கணக்குச் சொல்கிறார். ரூன் என்ற பழைய செதுக்கு எழுத்து அவர்களுக்குத் தெரியும். எலும்பிலும் கல்லிலும் வாளிலும் நாலு சொல் செதுக்குவார்கள். பாட்டு மட்டும் வாயில்தான் இருந்தது. தலைவனின் நீண்ட கூடத்தில் தீ எரியும், தேன்மது கைமாறும், தலைவன் வீரர்களுக்குத் தங்கக் காப்பு கொடுப்பான், பாணன் யாழை மடியில் வைத்துக்கொண்டு பழங்கதை பாடுவான். அவனை அவர்கள் அழைத்த சொல்லை ‘ஸ்கோப்’ என்று எழுதினாலும் ‘ஷோப்’ என்றுதான் உச்சரிக்க வேண்டும்.

பாட்டு அரண்மனைச் சொத்தாக மட்டும் இருந்ததா? இல்லை என்பதற்கு எதிரணியின் சாட்சியையே கூப்பிடுகிறேன். எதிரணித் தலைவர் இங்கே பீட்டைப் பற்றி அவ்வளவு உருக்கமாகப் பேசினார். அந்த பீட் 731-இல் முடித்த ‘ஆங்கில மக்களின் திருச்சபை வரலாறு’ நூலில் ஒரு மாட்டுக்காரரின் கதை வருகிறது.

விட்பி மடாலயம். ஹில்டா அம்மையார் தலைவி. அங்கே கேட்மன் என்று ஒரு வயதானவர். பண்ணை ஆட்கள் விருந்துக்குக் கூடினால் யாழ் ஒவ்வொருவர் கையாகச் சுற்றி வரும். வந்தால் பாட வேண்டும். கேட்மனுக்குப் பாட வராது. யாழ் பக்கத்து ஆளிடம் வருவதைப் பார்த்ததும் எழுந்து வீட்டுக்குப் போய்விடுவார். அப்படி ஒரு நாள் எழுந்து போனவர், அன்று ராத்திரி மாட்டுக் காவல் தன்னுடையது என்பதால் தொழுவத்தில் படுத்துவிட்டார். கனவில் ஒருவர் வந்து, “கேட்மன், எனக்கு ஏதாவது பாடு” என்கிறார். “எனக்குப் பாடத் தெரியாது, அதனால்தானே விருந்தை விட்டு வந்தேன்” என்கிறார் இவர். “இருந்தாலும் எனக்கு நீ பாடித்தான் ஆக வேண்டும்.” “எதைப் பாட?” “படைப்பின் தொடக்கத்தைப் பாடு.” பாடினார். ஒன்பது வரி. பெயர் தெரிந்த ஒருவர் பாடியதாக நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய ஆங்கிலக் கவிதை அதுதான்.

இந்தக் கதையில் எல்லோரும் கனவைப் பார்க்கிறார்கள். நான் அந்த விருந்தைப் பார்க்கிறேன். பாடத் தெரியாத ஒருவர் கூச்சப்பட்டு எழுந்து போகிறார் என்றால், மற்ற அத்தனை பேரும் பாடினார்கள் என்றுதானே பொருள்? மாடு மேய்க்கிறவனும் விறகு பிளக்கிறவனும் யாழை வாங்கி ஒரு பாட்டுப் பாடிவிட்டுக் கொடுக்கிற ஊர் அது. அந்த மண்ணில் முளைத்தவர் கேட்மன்.

“கதையைக் கொடுத்தது மடாலயம்தானே?” என்பீர்கள். ஆமாம், விவிலியக் கதையைத் துறவிகள்தான் அவருக்கு வாசித்துச் சொன்னார்கள். அவர் கேட்டுக்கொண்டு போய், மாடு அசைபோடுவது போல மனத்தில் அசைபோட்டுப் பாட்டாகத் திருப்பித் தந்தார் என்று பீட்டே எழுதுகிறார். தொழுவத்து மனிதருக்கு எவ்வளவு பொருத்தமான உவமை! கற்றுக்கொடுத்தவர்களே அவருக்குக் கேட்பவர்களாக மாறினார்கள் என்றும் சொல்கிறார். பீட்டின் நூலைப் பிற்காலத்தில் ஆங்கிலத்தில் பெயர்த்தவர் இன்னும் ஒரு படி மேலே போகிறார். கேட்மனின் ஆசிரியர்களே அவர் வாயிலிருந்து எழுதினார்கள், கற்றுக்கொண்டார்கள் என்று எழுதுகிறார். நடுவர் அவர்களே, எதிரணி கொண்டாடுகிற இறகு அந்த வாய் திறக்கும்வரை காத்திருந்த இறகு.

அந்தப் பாட்டில் கடவுளுக்கு அவர் வைக்கும் பெயர்களில் ஒன்று ‘ட்ருஹ்டன்’. போர்க்கூட்டத்தின் தலைவன் என்பது அதன் பழைய பொருள். மதுக்கூடத்துப் பாணன் தன் தலைவனுக்கு வைத்த சொல் அப்படியே கடவுளுக்குப் போகிறது. சிலுவையே தன் கதையைச் சொல்வதாக ஒரு பழைய ஆங்கிலக் கவிதை உண்டு. அதில் கிறிஸ்து அறையப்பட்டுத் தொங்குகிறவராக வரவில்லை. போருக்குத் தயாராகும் இளம் வீரனாகச் சிலுவையில் தானே ஏறுகிறார். அந்தக் கவிதையின் சில வரிகளை ஸ்காட்லாந்தின் ரத்வெல் கற்சிலுவையில் ரூன் எழுத்தில் செதுக்கியிருக்கிறார்கள். சமயம் புதிது. அதைச் சொன்ன நாக்கு பழையது.

மடாலயத்துக்குள் பாணர்கள் வரவே இல்லையா? வந்தார்கள். அதனால்தான் 747-இல் குளோஃபெஷோ என்ற இடத்தில் கூடிய திருச்சபைப் பேரவை, மடங்கள் பாடகர்களும் யாழ்க்காரர்களும் கூடுகிற இடமாகிவிடக் கூடாது என்று விதி போட்டது. நடக்காத ஒன்றுக்கு யாராவது தடை போடுவார்களா? 797-இல் அல்குயின் என்ற பேரறிஞர் ஓர் ஆயருக்குக் கடிதம் எழுதுகிறார். குருமார் உணவருந்தும் இடத்தில் யாழ்க்காரன் குரல் கேட்கக் கூடாது, திருநூல் வாசிப்பவன் குரல்தான் கேட்க வேண்டும் என்கிறார். “இங்கெல்டுக்கும் கிறிஸ்துவுக்கும் என்ன உறவு? வீடு குறுகலானது, இருவருக்கும் இடம் இருக்காது” என்கிறார். இங்கெல்டு பாணர் கதைகளில் வரும் ஒரு வீரன். அல்குயின் கதவைச் சாத்தினார். ஏறக்குறைய 200 ஆண்டு கழித்து, 1000-ஐ ஒட்டி, இரண்டு எழுத்தர்கள் உட்கார்ந்து 3182 வரி ‘பெயோவுல்ஃப்’ காவியத்தைப் படியெடுக்கிறார்கள். அதற்குள் இங்கெல்டு இருக்கிறான்! அந்த வீட்டில் அவனுக்கு இடம் கிடைத்துவிட்டது.

நான் கல்லூரியில் இந்தத் தாளை நடத்துகிறவள். முதல் ஆண்டு, புத்தகத்தைத் திறக்கச் சொல்லி இந்த இலக்கியத்தை விளக்கினேன். ஒரு முகம் நிமிரவில்லை. அடுத்த வாரம் புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டு, மேசையைத் தட்டித் தாளத்தோடு இரண்டு வரி சொன்னேன். 991-இல் மால்டன் என்ற இடத்தில், கடல்வழி வந்து தாக்கிய வைக்கிங்குகளோடு நடந்த போரைப் பற்றிய பாட்டு அது. தலைவன் செத்துவிட்டான், தோல்வி உறுதி, ஒரு கிழட்டு வீரன் பேசுகிறான்:

ஹியெ ஷெயால் தே ஹெயார்த்ரா, ஹெயோர்தே தே கேன்ரே,
மோட் ஷெயால் தே மாரே, தே ஊரே மாயென் லுட்லாத்.

தமிழ்வழியில் படித்துவிட்டு வந்த ஒரு பெண் சட்டென்று எழுந்து, “மேடம், இதுல மோனை வருது!” என்றாள். ஒரு சொல்லுக்கும் பொருள் தெரியாது அவளுக்கு. காது கண்டுபிடித்துவிட்டது. ஒவ்வோர் அடியும் நடுவில் ஒரு மூச்சு விட்டு இரண்டாகப் பிரியும். நான்கு அழுத்தம் விழும். பின்பாதியின் முதல் அழுத்தம் எந்த ஒலியோ, முன்பாதியும் அதற்கு மோனை கொடுக்க வேண்டும். பொருளைச் சொன்னேன்: “நம் வலிமை குறையக் குறைய எண்ணம் உறுதிப்பட வேண்டும், நெஞ்சம் கூர்மைப்பட வேண்டும், துணிவு பெருக வேண்டும்.” வகுப்பு நிசப்தமாகிவிட்டது.

இந்த மோனை கண்ணுக்காகச் செய்ததா? துறவிகள் அந்தப் பாட்டுகளைத் தோலில் எழுதும்போது அடி பிரித்துக்கூட எழுதவில்லை. உரைநடை போல ஓரம் முதல் ஓரம் வரை ஓட்டிக்கொண்டே போனார்கள். அடி எங்கே முடிகிறது என்பது கேட்பவரின் காதுக்குத் தெரியும், அது போதும். கடலைத் ‘திமிங்கிலத்தின் பாதை’ என்பார்கள், உடம்பை ‘எலும்பு வீடு’ என்பார்கள். ஒருவன் பேசத் தொடங்கினான் என்பதற்குச் ‘சொற்களஞ்சியத்தின் பூட்டைத் திறந்தான்’ என்பார்கள். அந்தக் களஞ்சியம் நெஞ்சுக்குள் இருந்தது. அலமாரியில் இல்லை.

அலமாரி என்றதும் எக்சிட்டர் ஏடு ஞாபகம் வருகிறது. 1072-இல் மறைந்த ஆயர் லியோஃப்ரிக் எக்சிட்டர் தேவாலயத்துக்குக் கொடுத்த பெரிய ஆங்கில நூல். அதன் முதல் பக்கங்களில் கத்தி வெட்டிய கோடுகள் இருக்கின்றன. ஏதோ பாத்திரத்தை வைத்து எடுத்த வட்டக் கறை இருக்கிறது. கடைசித் தாள்களைத் தீ துளைத்துக்கொண்டு போயிருக்கிறது. அந்த மொழியைக் கேட்டவர்களும் பேசியவர்களும் போனபின் ஏடு வெறும் பலகையாகிவிட்டது. அதற்குள்ளேயே ஒரு விடுகதை இருக்கிறது: ஒரு பூச்சி சொற்களைத் தின்றது, திருட்டு விருந்தாளி அவ்வளவு விழுங்கியும் அதன் அறிவு துளியும் கூடவில்லை. விடை, புத்தகப் புழு. ஏட்டில் எழுதிய அந்தக் காலத்து மனிதருக்கே தெரிந்திருக்கிறது, சொல் தோலில் மட்டும் இருந்தால் என்ன கதி என்று.

எதிரணி ஆல்ஃபிரட் மன்னரையும் தங்கள் பக்கம் சேர்த்துக்கொண்டது. சேர்த்துக்கொள்ளட்டும், ஆனால் முழுசாகச் சேர்க்க வேண்டும். அவருடைய வரலாற்றை எழுதிய ஆசர் சொல்கிறார்: பன்னிரண்டு வயதிலும், அதற்கு மேலும் எழுத்தறியாதவராக இருந்த அந்தப் பிள்ளை, சாக்சன் பாட்டுகளை இரவும் பகலும் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்தது. 871-இல் அரசரானார். பிறகு அவரே எழுதிய முன்னுரையில், தேவாலயங்கள் நிறையப் புத்தகம் இருந்தும் யாருக்கும் பயன்படவில்லை, ஏனென்றால் அவை அவர்கள் சொந்த மொழியில் இல்லை என்று வருந்துகிறார். லத்தீன் நூல்களை ஆங்கிலத்தில் பெயர்க்கும் வேலையை அங்கிருந்துதான் தொடங்குகிறார். காதால் ஆங்கிலத்தை நேசித்த பிள்ளை அரசனானதால் ஆங்கில உரைநடைக்கு விடிவு பிறந்தது.

மணியின் மேல் நடுவர் கை வைத்துவிட்டார். இன்னும் ஒரே செய்தி, அமர்ந்துவிடுகிறேன்.

735-ஆம் ஆண்டு, ஜாரோ மடாலயம். பீட் மரணப்படுக்கையில் இருக்கிறார். வாழ்நாளெல்லாம் லத்தீனில் எழுதியவர். கேட்மனின் பாட்டைக்கூட லத்தீனில் தந்துவிட்டு, எவ்வளவு நல்ல பாட்டானாலும் மொழி மாற்றினால் அழகும் பெருமையும் குறைந்துவிடும் என்று வருந்தி எழுதியவர். பக்கத்தில் இருந்த மாணவர் கத்பர்ட், அந்தக் கடைசி நாட்களைப் பற்றி ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். நம் பாட்டுகளை பீட் நன்றாக அறிந்தவர் என்கிறார். உயிர் பிரியப்போகிற நேரத்தை நினைத்து பீட் ஆங்கிலத்தில் ஐந்து வரி சொன்னார். தப்ப முடியாத அந்தப் பயணத்துக்கு முன்னால், தன் உயிருக்கு எது நல்லதாக எது கெட்டதாகத் தீர்ப்பாகும் என்று எண்ணிப் பார்ப்பதைவிடப் பெரிய அறிவு யாருக்கும் தேவையில்லை என்ற ஐந்து வரி. ஒவ்வோர் அடியும் நடுவில் மூச்சு விட்டது, மோனை தவறவில்லை. மடாலயத்தின் மிகப் பெரிய இறகு கையிலிருந்து நழுவும் நேரத்தில், அந்த வாய்க்கு வந்தது பாணனின் பாட்டு.

நன்றி, வணக்கம்.