பூர்ஜ் வசந்த விழாவுக்குப் போகிறவர்கள் காதுக்கு என்ன கொண்டுபோகிறீர்கள்?

பெருமதிப்புக்குரிய மன்றத் தலைவர் அவர்களே, அவருக்கு வலப்பக்கம் வீற்றிருக்கும் நகரசபைப் பிரதிநிதி அவர்களே, இந்த மண்டபத்தை வாடகை வாங்காமல் ஒதுக்கித் தந்த நிர்வாகத்தினரே, வேலை முடிந்த கையோடு நேராக இங்கே வந்திருக்கும் காது மூக்கு தொண்டை மருத்துவர் ஐயா அவர்களே, முன்வரிசையை அலங்கரிக்கும் இசையாசிரியர்களே, தேநீரையும் வடையையும் பொறுப்பெடுத்த மகளிர் அணியினரே, நாற்காலி கிடைக்காமல் பின்னால் நிற்கும் தம்பி தங்கைகளே, அனைவருக்கும் வணக்கம். யாருடைய பெயராவது விடுபட்டிருந்தால் செயலாளர் அவர்கள் நன்றியுரையில் சேர்த்துக்கொள்வார்.

எனக்குத் தந்த தலைப்பு, பிரான்சின் பூர்ஜ் நகரத்தில் நடக்கும் வசந்த விழா என்ற இசைவிழா. மூன்று விஷயம் சொல்வேன். விழா எப்படிப் பிறந்தது என்பது முதலாவது. அங்கே போவதற்கு என்ன ஆயத்தம் வேண்டும் என்பது இரண்டாவது. புதிதாகப் பாட வருகிற பிள்ளைகளுக்கு அந்த விழா திறந்து வைத்திருக்கும் வாசல் மூன்றாவது. இவற்றுக்கு நடுவே ஒரு பழமொழியும் அடிக்கடி வரும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு. நான் மேடை ஏறினால் இது வரும் என்று தலைவருக்குத் தெரியும், சிரிக்கிறார்.

பூர்ஜ், பிரான்சின் நடுவே உள்ள ஷேர் மாவட்டத்தின் தலைநகரம். 1195இல் கட்டத் தொடங்கிய புனித எத்தியேன் பேராலயம் அங்கேதான் இருக்கிறது. 1992 முதல் அது யுனெஸ்கோ பட்டியலில் உள்ளது. பாரிஸ் அளவு பெரிய ஊர் இல்லை, மக்கள் அறுபதாயிரத்துச் சொச்சம். அந்த ஊரில் 1977 ஏப்ரலில் டானியல் கொலிங், அலன் மெய்லான், மொரிஸ் ஃப்ரோ என்ற மூன்று பேர் சேர்ந்து ஒரு பாட்டு விழாவைத் தொடங்கினார்கள். வானொலியும் தொலைக்காட்சியும் கண்டுகொள்ளாத பாடகர்களுக்கு ஒரு மேடை வேண்டும் என்பதே நோக்கம். இந்த மூவரில் கொலிங்தான் பின்னாளில் பாரிஸ் ஸெனித் அரங்கையும் நடத்தியவர். ஸெனித் என்றால் பின்வரிசைத் தம்பிமாருக்கு உடனே விளங்கும்.

அந்த முதல் வருடத்து மேடைக்கு வந்தவர்களில் ஒருவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தலைவர் மணிக்கூட்டைப் பார்க்க வேண்டாம்.

சார்ல் த்ரெனே. 1913இல் நார்போன் ஊரில் பிறந்தவர். தொப்பியைப் பின்தலைக்குத் தள்ளிவிட்டு, கண்ணை உருட்டிக்கொண்டு பாடுவார். பிரெஞ்சுக்காரர் அவருக்குப் 'பாடும் பித்தன்' என்றே பட்டம் கொடுத்தார்கள். 1938இல் பாரிசில் தனியாக மேடை ஏறியவர். அந்தக் காலத்தை நினைத்துப் பாருங்கள். அதற்கு இரண்டு வருடம் முன்புதான், 1936இல், ழான் சப்லோன் என்ற பாடகர் பிரெஞ்சு மேடைக்கு ஒலிவாங்கியைக் கொண்டுவந்தார். தொண்டை இல்லாதவன்தான் இதைப் பிடித்துக்கொண்டு பாடுவான் என்று அவரைக் கேலி செய்தார்கள். அதுவரை பாடகன் என்றால் கடைசி வரிசைக்குத் தன் நெஞ்சுக்கூட்டு மூச்சாலேயே குரலை அனுப்ப வேண்டும். ஒலிவாங்கி வந்த பிறகு காதோடு காதாகப் பாடலாம் என்று ஆனது. த்ரெனே அந்தத் தலைமுறையின் பிள்ளை. 1975இல், போதும் என்று ஒலிம்பியா அரங்கில் விடை சொல்லிவிட்டுப் போய்விட்டார். இரண்டு வருடம் கழித்துப் பூர்ஜ்காரர்கள் அவரை அழைக்கிறார்கள். விழாவுக்கு வருகிற கூட்டம் யார்? ழாக் இஜ்லான் போன்றவர்களின் ராக் பாட்டுக் கேட்க நீள முடியோடு வருகிற இருபது வயதுப் பிள்ளைகள். அவர்களுக்கு முன்னால் அறுபத்து மூன்று வயது மனிதர், அவர்களுடைய தாத்தா பாட்டி காதலித்த காலத்துப் பாட்டுகளோடு நிற்கிறார். எழும்பிப் போய்விடுவார்களோ என்று யாருக்கும் தோன்றும். பிள்ளைகள் எழும்பிப் போகவில்லை, அவரைக் கொண்டாடினார்கள். விடைபெற்றுப் போன மனிதர் மறுபடி பாடத் தொடங்கினார். பத்து வருடம் கழித்து, 1987இல், அதே விழாவுக்குத் திரும்பவும் வந்தார். கைதட்டுங்கள், அவருக்குத் தட்டலாம்.

த்ரெனேயை இவ்வளவு நேரம் பேசியதற்குக் காரணம் இருக்கிறது. ஒலிவாங்கி வந்த நாளில் அது அமிர்தம். மெல்லிய குரலையும் கடைசி வரிசைக்குக் கொண்டுபோனது. இன்று அதே மின்சாரம் முன்வரிசைக்காரனின் செவிச்செல்வத்தைப் பறிக்கிறது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு.

இரண்டாவதற்கு வருகிறேன். பாரிசின் கார் து நோர் நிலையத்தில் ஐந்தாம் இலக்க மெத்ரோ பிடித்தால் ஓஸ்தர்லிட்ஸ் நிலையம். அங்கிருந்து பூர்ஜுக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம். சில ரயில்களுக்கு வியர்சோனில் இறங்கி மாற வேண்டும். இரவு நிகழ்ச்சி முடிகிற நேரத்தில் பாரிசுக்கு ரயில் கிடையாது. அறையை முன்கூட்டியே பதியாதவர் நிலைய வாசலில்தான் விடியலைப் பார்ப்பார். நகரம் முழுக்கப் பல அரங்குகள். டிக்கெட் அந்தந்த நிகழ்ச்சிக்குத் தனித்தனி. ஏப்ரல் பகல் வெயிலைப் பார்த்து மெல்லிய சட்டையோடு போகாதீர்கள், இரவில் குளிரும். கிற்றார் வாசிக்கிறவர் நம்மிடையே இருக்கிறார்கள், அவர்களுக்கு ஒரு சொல்: குளிரில் உலோகத் தந்தி சுருங்கிச் சுருதி ஏறும், புல்லாங்குழலுக்கும் எக்காளத்துக்கும் சுருதி இறங்கும். அதனால்தான் வெளிமேடையில் இரண்டு பாட்டுக்கு ஒருமுறை சுருதி பார்க்கிறார்கள். சாப்பாட்டைப் பற்றிப் பேசினால் மகளிர் அணியினர் கோபிப்பார்கள், விடுகிறேன்.

ஆயத்தம் என்றால் எனக்கு முதலாவது காது. பிரான்சில் இதற்குச் சட்டம் இருக்கிறது என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? 2017 ஆகஸ்ட் 7ஆம் திகதி அரசாணை. 15 நிமிடச் சராசரியில் ஒலி 102 டெசிபல் 'ஏ'யைத் தாண்டக் கூடாது. முன்பு 1998இல் வைத்த எல்லை 105. புதிய ஆணை இன்னொரு எல்லையும் சேர்த்தது: 118 டெசிபல் 'சி'. எதற்கு இரண்டு அளவு? 'ஏ' அளவு அடித்தொனியை மிகக் குறைத்து எண்ணுகிறது. நெஞ்சை உதறுகிற பேஸ் ஒலி அதில் சரியாகத் தெரியாது. 'சி' அளவு அதைப் பிடித்துவிடும். ஆறு வயது வரையிலான பிள்ளைகளுக்கென்றே நடத்தும் நிகழ்ச்சிகளில் 'ஏ'யில் 94, 'சி'யில் 104 என்று இன்னும் தாழ்வான எல்லை. காதடைப்பானை இலவசமாகக் கொடுக்கவும், காது ஆறுவதற்கு இடமோ இடைவேளையோ வைக்கவும் ஆணை சொல்கிறது.

102க்குள் இருந்தால் ஆபத்தில்லை என்று நினைக்க வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் பாதுகாப்பான அளவு, வாரத்துக்கு 80 டெசிபலில் 40 மணி நேரம். ஒலி 3 டெசிபல் ஏறினால் காதுக்குப் போகிற ஆற்றல் இரட்டிப்பு, நேரம் பாதி. 83க்கு 20 மணி, 86க்கு 10, 89க்கு 5, 92க்கு இரண்டரை, 95க்கு ஒன்றே கால் மணி. 98க்கு வந்தால் 37 நிமிடம், 101க்கு 19 நிமிடம். 102இல் பதினைந்தே நிமிடம்! ஒரு வாரப் பங்கு மூன்று நான்கு பாட்டில் தீர்ந்துவிடும். விழாவில் ஓர் இரவு மூன்று நான்கு மணி நேரம் நிற்கிறோம். ஒரு காதின் நத்தை எலும்புக்குள் ஒலியை உணரும் மயிரணுக்கள் ஏறத்தாழ பதினையாயிரம்தான் இருக்கின்றன, செத்தது மீண்டும் முளைக்காது. மருத்துவர் ஐயா தலையை ஆட்டுகிறார்.

காதடைப்பானைக் கொடுத்தால் மட்டும் போதாது, போடத் தெரிய வேண்டும். பஞ்சுநுரை அடைப்பானை உலர்ந்த, கழுவிய கையால் விளக்குத்திரி போல மெல்லியதாக உருட்டுங்கள், மடிப்பு விழக் கூடாது. மற்றக் கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காதின் மேல்நுனியை மேலும் பின்னும் இழுத்தால் துவாரம் நேராகும். உள்ளே செலுத்தி, அது விரிந்து முடியும் வரை முப்பது விநாடி விரலால் பிடித்திருங்கள். கண்ணாடியில் நேராகப் பார்க்கும்போது பாதி அடைப்பான் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அது பொருந்தவில்லை, கழற்றித் திரும்ப உருட்டுங்கள். நம்மவர் ஐந்து விநாடியில் கையை எடுத்துவிடுகிறார்கள். அது வெளியே விரிகிறது. பெட்டியில் எழுதியிருக்கும் பாதுகாப்பில் பாதிகூடக் கிடைக்காது.

அதைவிடப் பெரிய பிழை, கதைப்பதற்காகக் கழற்றுவது. கணக்குப் பாருங்கள். 30 டெசிபல் தடுக்கும் அடைப்பானை நான்கு மணி நேர நிகழ்ச்சியில் 12 நிமிடம் மட்டும் கழற்றி வைத்தால், மொத்தத்தில் கிடைக்கிற பாதுகாப்பு 13 டெசிபலுக்கு விழுந்துவிடும். கதைக்க வேண்டுமா, வெளியே போய்க் கதையுங்கள். இசையாசிரியர்களுக்கும் பாட்டை நுணுக்கமாகக் கேட்க வேண்டியவர்களுக்கும் வடிகட்டி வைத்த அடைப்பான் நல்லது. பஞ்சுநுரை மேல்தொனியைக் கூடுதலாக விழுங்கி எல்லாவற்றையும் மந்தமாக்கும். வடிகட்டி எல்லாத் தொனியையும் ஓரளவு சமமாகக் குறைக்கும். சிறு பிள்ளைகளின் காதுத் துவாரத்துக்கு நுரை அடைப்பான் பொருந்தாது. அவர்களுக்குத் தலையில் மாட்டுகிற காதுமூடி வாங்குங்கள். கைக்குழந்தையைப் பெரிய கூடாரத்துக்குக் கொண்டுபோகவே வேண்டாம்.

நிற்கிற இடமும் முக்கியம். பேஸ் பெட்டிகள் பெரும்பாலும் மேடைக்கு முன்னால் தரையிலேயே அடுக்கப்பட்டிருக்கும். தடுப்புக்கம்பியில் சாய்ந்து நிற்பவர் அதன் வாயில் நிற்கிறார். ஒலிக் கலவை மேசைக்கு அருகில் நில்லுங்கள். பொறியாளர் தன் காதுக்கு எது சரியோ அதைத்தான் அமைக்கிறார், ஆகவே பாட்டும் அங்கேதான் தெளிவு. திரும்பி வந்த பிறகு காதில் ரீங்காரம், பஞ்சு அடைத்தது போல் மந்தம். அடுத்த நாளும் அது தீரவில்லை என்றால் பார்க்கலாம் என்று கிடக்காதீர்கள், உடனே மருத்துவரிடம் போங்கள். வைத்தியம் பிந்தினால் பலன் குறையும்.

இனி என் விண்ணப்பம். பூர்ஜ்காரர் சட்டத்துக்குக் கட்டுப்பட்டுச் செய்கிறார்கள். நம்முடைய மண்டபங்கள்? அந்த ஆணை ஒலிபெருக்கி இசையை உரக்க வைக்கும் பொது இடங்களுக்கெல்லாம்தான், பொங்கல் விழாவுக்கு விலக்கு எழுதவில்லை. நாலு பக்கமும் ஓடு பதித்த சிறிய மண்டபம், நாடக மேடைக்கு இரண்டு ஆள் உயர ஒலிபெருக்கிப் பெட்டி, அதற்கு நேர் முன்னால் பாயில் சிறுபிள்ளைகள். நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் ஒலிவாங்கி வைக்கிறோம்! ஆயிரம் பேர் திறந்தவெளியில் கேட்பதற்கென்றே பிறந்த வாத்தியங்கள் அவை. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு, தவிலுக்கும் அதேதான். உலகத்தில் 100 கோடிக்கு மேற்பட்ட இளையோரின் கேட்கும் திறன் ஆபத்தில் இருக்கிறது என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. அதில் நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

ஆகவே மன்றச் செயற்குழு இன்றே மூன்று தீர்மானம் எடுக்க வேண்டும் என்று கேட்கிறேன். வாசலில் காதடைப்பான் பெட்டி. கலவை மேசையில் ஒரு டெசிபல் மானி, அதைப் பார்க்க ஒரு ஆள். ஒலிபெருக்கிப் பெட்டிக்கு முன்னால் மூன்று மீற்றருக்கு யாரும் உட்காராதபடி ஒரு கயிறு. செலவு, ஒரு விழாவின் பூமாலைச் செலவைத் தாண்டாது. மாலை வாங்கியவர்கள் மன்னிக்க வேண்டும்.

மூன்றாவது, புதிய பாடகர்களின் வாசல். 1985 முதல் அந்த விழாவுக்குப் பிராந்தியம் தோறும் கிளைகள் உண்டு. அவை உள்ளூர்க் குழுக்களை நேரில் பாடவைத்துத் தேர்ந்து பூர்ஜுக்கு அனுப்புகின்றன. இந்தத் தேர்வு 'இனூயி' என்ற பெயரில் நடக்கிறது. நம் பிள்ளைகள் விண்ணப்பிக்கலாம், அதை விரிவாகச்... செயலாளர் சீட்டு அனுப்பிவிட்டார். சரி. அதை இசையாசிரியர் அவர்கள் பேசுவார்.

2028இல் பூர்ஜ் ஐரோப்பியப் பண்பாட்டுத் தலைநகரம் ஆகிறது, அந்த வருடம் அறை கிடைப்பது கடினம், இப்போதே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வாசலில் நீலப் பெட்டியில் காதடைப்பான் வைத்திருக்கிறோம், ஆளுக்கு ஒரு சோடி. வடை சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு எடுங்கள். நன்றி, வணக்கம்.