பில்டு வரிசையில் யார் முன்னே?

வணக்கம் நேயர்களே.

லினக்ஸ் கணினி வைத்திருப்பவர்கள் "புதுப்பிப்புகள் தயார்" என்ற அறிவிப்பைப் பார்த்திருப்பீர்கள். அதில் வரும் ஒவ்வொரு பொதியும், அதாவது நிறுவத் தயாராகக் கட்டிய ஒவ்வொரு மென்பொருளும், அதற்கு முன்னால் எங்கோ ஓர் இயந்திரத்தின் வாசலில் வரிசையில் நின்றுவிட்டுத்தான் வந்திருக்கிறது. அந்த வரிசையைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

லினக்ஸ் இயங்குதளம் ஒன்றை உருவாக்கித் தரும், 1993இல் தொடங்கிய டெபியன் திட்டத்தையே எடுத்துக்கொள்வோம். ஒருவர் மூல நிரலை ஏற்றினால், இன்டெல், ஆர்ம், 2023இல் சேர்ந்த ரிஸ்க்-ஃபைவ் என்று ஒவ்வொரு செயலி வகைக்கும் அதைத் தனித்தனியாகக் கம்பைல் செய்ய வேண்டும், அதாவது அந்தச் செயலிக்குப் புரியும் மொழிக்கு மாற்ற வேண்டும். ஆளில்லாமல் ஓடும் பில்டு இயந்திரங்கள் அதைச் செய்கின்றன; இந்த வேலைக்குத்தான் பில்டு என்று பெயர். அடுத்தது எது என்று வரிசைப்படுத்தித் தருவது 'வான்னா-பில்டு' என்ற நிரல்.

முதலில் வந்தவருக்கு முதலில் என்று விட்டுவிட்டால் என்ன? நியாயமாகத்தான் படும். ஆனால் மெதுவான செயலியில் லிப்ரே ஆபிஸ் போன்ற ஒரு பெரிய பொதி ஏறி உட்கார்ந்தால் பல மணி நேரம் எழுந்திருக்காது. அதற்குப் பின்னால் மூன்றே நிமிடத்தில் முடியக்கூடிய ஒரு சின்ன லைப்ரரி, அதாவது மற்றப் பொதிகள் பயன்படுத்தும் பொதுவான நிரல் தொகுப்பு, நிற்கிறது. அந்த லைப்ரரி வந்தால்தான் இன்னும் நாற்பது பொதிகளை ஆரம்பிக்கவே முடியும். அந்த நாற்பதுக்கும் வரிசையில் நிற்கக்கூட இடமில்லை. தேவையானது இல்லை என்று ஓரமாக ஒதுக்கப்பட்டிருக்கும். வரிசையின் நீளத்தைப் பார்த்தால் ஒன்றுதான் காத்திருப்பதுபோலத் தெரியும், உண்மையில் நாற்பத்தொன்று.

அதனால்தான் சொல்கிறேன்: ஒரு பொதி எவ்வளவு முக்கியம் என்பதைவிட, அதை நம்பி எத்தனை பொதிகள் நிற்கின்றன என்பதற்கே முதல் மதிப்பெண் தர வேண்டும்.

2024இல் இது பெரிய அளவில் தெரிந்தது. 32 பிட் கணினிகளின் கடிகார எண் 2038 ஜனவரி 19 அன்று நிரம்பி வழியும். அதைத் தவிர்க்க நேரத்தை அதைவிடப் பெரிய 64 பிட் எண்ணாக்கி, ஆயிரக்கணக்கான பொதிகளை மறுபடி கம்பைல் செய்ய வேண்டியிருந்தது. அடியில் இருப்பது முடியாமல் மேலே இருப்பதைத் தொட்டால் தோல்விதான். இயந்திர நேரம் வீண். போதாததற்கு, அ-வுக்கு ஆ வேண்டும், ஆ-வுக்கு அ வேண்டும் என்று சுற்றிக்கொள்ளும் பொதிகளும் உண்டு. அங்கே மதிப்பெண் எதுவும் செல்லாது, மனிதர் கை வைத்துத்தான் முடிச்சை அவிழ்க்க வேண்டும்.

பாதுகாப்புத் திருத்தங்கள் தனி. 2014 ஏப்ரலில், இணையத் தொடர்பை மறைகுறியாக்கும் ஓபன்எஸ்எஸ்எல் மென்பொருளில் ஹார்ட்பிளீட் ஓட்டை வெளியானபோது, சர்வரின் நினைவகத்திலிருந்து ரகசியச் சாவிகள்கூடக் கசியலாம் என்ற நிலை. அப்படிப்பட்டது வந்தால் எல்லோரையும் தாண்டி முன்னே போகட்டும். சரி, ஏற்கெனவே ஐந்து மணி நேரம் ஓடிய வேலையை நிறுத்திவிடலாமா? எனக்கு அதில் சம்மதமில்லை. அந்த ஐந்து மணியும் போய்விடும். பெரிய வேலைகளை ஏற்காத ஓர் இயந்திரத்தை எப்போதும் ஒதுக்கி வைத்திருப்பதே நல்லது.

அப்புறம், யாரும் நம்பி நிற்காத சின்னப் பொதி? அப்படி ஒன்றை நான் பராமரித்திருக்கிறேன். எப்போது பார்த்தாலும் அதற்கு முன்னால் புதிதாக யாராவது வந்திருப்பார்கள். இதற்கு மருந்து, காத்திருக்கும் நாளுக்கும் மதிப்பெண் கூட்டுவது. நாள் ஆக ஆக, எந்தப் பொதியும் மேலே ஏறியே தீரும். என் பொதியும் அப்படித்தான் ஏறியது. ஒரு நள்ளிரவில் அதன் பில்டு பதிவைத் திறந்து, ஓடும் வரிகளைக் கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, 'சக்சஸ்ஃபுல்' என்று வந்துவிட்டது.

நன்றி, வணக்கம்.