மாசி வீதிக்குள் வரும் காருக்குக் கட்டணம்

(மதுரையில் வணிகர்களும் குடியிருப்போரும் கூடிய அவையொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவையில் வீற்றிருக்கும் பெரியோர்களுக்கும், கடையைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்துவிட்டு வந்திருக்கும் வணிகப் பெருமக்களுக்கும், தாய்மார்களுக்கும் என் வணக்கம்.

சென்ற வாரம் ஒரு நாள் முற்பகல் பதினொரு மணிக்கு விளக்குத்தூண் அருகே ஒரு கடைப்படியில் அரை மணி நேரம் நின்றிருந்தேன். கீழ மாசி வீதியிலிருந்து வத்தல் மூட்டை ஏற்றி வந்த டிரைசைக்கிள் ஒன்று தெற்கு மாசி வீதிக்குள் திரும்ப முயன்றது. எதிரே ஒரு கார், கடை வாசலில் ஆளை இறக்கிவிட்டு, திருப்ப இடமில்லாமல் பின்னோக்கியே வந்துகொண்டிருந்தது. அதன் பின்னால் ஆட்டோக்கள்; ஆட்டோக்களின் இடுக்குகளில் இருசக்கர வாகனங்கள். வண்டியை மிதித்து வந்த பெரியவர் ஐந்து நிமிடம் பொறுத்துப் பார்த்தார். பிறகு துண்டைச் சும்மாடாகச் சுருட்டித் தலையில் வைத்து, ஒரு மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்தே போய்க் கடையில் இறக்கிவிட்டு வந்தார். மூன்று நடை போய் வந்த பின்னும் அவருடைய வண்டி நின்ற இடத்திலேயே நின்றது. இறக்கிய லோடுக்குத்தான் அவருக்குக் கூலி. காத்து நின்ற நேரத்துக்குக் கூலி கிடையாது. அன்று அவர் இழந்த அடுத்த லோடுதான் அந்தக் கார் மாசி வீதிக்குள் வந்ததற்கான கட்டணம்; காரில் வந்தவருக்குப் பதிலாக அவர் அதைக் கட்டினார்.

ஆகவே, நகரின் நடுப்பகுதிக்குள் வரும் கார்களுக்குக் கட்டணம் விதிக்கலாம் என்று நான் சொல்லும்போது, புதிதாக ஒரு சுமையை ஏற்றச் சொல்வதாக நினைக்க வேண்டாம். சுமை ஏற்கெனவே இருக்கிறது. அது யார் தலையில் இருக்கிறது என்பதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

நம் ஊரின் அமைப்பை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மீனாட்சியம்மன் கோயிலை நடுவில் வைத்துச் சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி என்று சதுரத்துக்குள் சதுரமாக அமைந்த ஊர் இது. 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் கோட்டைச் சுவரை இடித்து, அகழியைத் தூர்த்ததால்தான் வெளி வீதிகள் கிடைத்தன. நான் நின்றிருந்த விளக்குத்தூணே அவர் நினைவாக எழுப்பப்பட்டதுதான். அன்று இடிப்பதற்குச் சுவர் இருந்தது. இன்று மாசி வீதியை அகலப்படுத்த வேண்டுமென்றால், உங்கள் கடைகளையும் வீடுகளையும் தவிர இடிப்பதற்கு வேறொன்றும் இல்லை. இடம் பெருகாத ஓரிடத்தில் வண்டிகள் மட்டும் பெருகிக்கொண்டே போனால், அந்த இடத்தை எந்த முறையில் பங்கிடுவது என்ற கேள்வி வந்தே தீரும்.

இக்கேள்விக்குப் பொருளியலில் ஒரு விடையைத் தெளிவாகச் சொன்னவர் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் விக்ரி. நெரிசலில் நுழைகிற ஒருவர் தனக்கு ஆகும் தாமதத்தை மட்டுமே கணக்குப் பார்க்கிறார். தான் நுழைந்ததால் பின்னால் நிற்கும் ஐம்பது பேருக்கு ஆகும் தாமதம் அவர் கணக்கில் வருவதில்லை. அந்தத் தாமதத்துக்கு ஒரு விலை வைத்தால், அவசியமில்லாதவர் வேறு நேரத்தில் வருவார், அல்லது வேறு வழியில் வருவார் என்பது அவர் கருத்து. 1950-களிலிருந்தே இதை வலியுறுத்திய அவருக்கு 1996-இல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. அறிவிப்பு வந்த மூன்றாம் நாள் அவர் இறந்துபோனார். அவர் கற்பித்த நியூயார்க் நகரில், மன்ஹாட்டனின் தென்பகுதிக்குள் வரும் கார்களுக்கு 9 டாலர் என்று கட்டணம் நடைமுறைக்கு வந்தது 2025 ஜனவரி 5-ஆம் தேதிதான். ஒரு நல்ல யோசனை எத்தனை காலம் காத்துக்கிடக்கிறது பாருங்கள்.

முதலில் துணிந்தது சிங்கப்பூர். 1975 ஜூன் மாதம், காலை நேரத்தில் நகர மையத்துக்குள் நுழையும் காருக்கு ஒரு நாளுக்கு 3 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று அனுமதிச் சீட்டு விற்றார்கள். நான்கு பேர் ஏறி வரும் காருக்குக் கட்டணம் இல்லை. அந்நேரத்தில் உள்ளே வந்த கார்கள் பாதிக்கும் மேல் குறைந்தன. ஆனால் ஒன்பதரை மணிக்குக் கட்டணம் முடிகிறது என்றால், அது முடிந்தவுடன் எல்லோரும் உள்ளே பாய்ந்தார்கள். ஆகவே சில வாரங்களிலேயே நேரத்தைப் பத்தேகால் வரை நீட்டினார்கள். திட்டம் போட்டவர்கள் கண்ணைத் திறந்து வைத்திருந்தார்கள் என்பதை இதில் நான் முக்கியமாகக் கவனிக்கிறேன். லண்டன் 2003 பிப்ரவரி 17-இல், மேயர் கென் லிவிங்ஸ்டன் காலத்தில், 5 பவுண்டில் தொடங்கியது. தொடங்கிய நாளிலேயே ஏறத்தாழ 300 பேருந்துகளைக் கூடுதலாக விட்டார்கள். வரும் பணத்தைப் போக்குவரத்துக்கே செலவிட வேண்டும் என்று சட்டமும் செய்திருந்தார்கள். சில ஆண்டுகளில் அங்கே தாமதம் மீண்டும் கூடியது உண்மை. குழாய்ப் பணிகளுக்காகச் சாலைகளைத் தோண்டியதும், சாலையில் ஒரு பகுதியை நடப்பவர்களுக்கும் பேருந்துகளுக்கும் ஒதுக்கியதும் அதற்குக் காரணங்கள். கட்டணம் ஒன்றே எல்லாவற்றையும் தீர்க்கும் என்று நான் சொல்லவில்லை.

நமக்கு மிக உதவுகிற பாடம் சுவீடனின் தலைநகர் ஸ்டாக்ஹோமில் இருக்கிறது. அங்கே பெரும்பாலான மக்கள் முதலில் இதை எதிர்த்தார்கள். அரசு வாதாடிக்கொண்டிருக்காமல், 2006 ஜனவரி முதல் ஜூலை வரை ஏழு மாதம் நடத்திக் காட்டிவிட்டு, செப்டம்பரில் மக்களிடம் வாக்குக் கேட்டது. கட்டண எல்லையைக் கடந்த போக்குவரத்து ஐந்தில் ஒரு பங்குதான் குறைந்தது. ஆனால் வரிசையில் நின்ற நேரம் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை குறைந்தது. நெரிசலின் இயல்பே அதுதான்: தளும்பி நிற்கும் குடத்தில் ஒரு செம்பு மொண்டாலே வழிவது நின்றுவிடும். அனுபவித்துப் பார்த்த நகரவாசிகளில் பெரும்பான்மையோர் தொடரட்டும் என்று வாக்களித்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு ஸ்காட்லாந்தின் எடின்பரோவில், நடத்திக் காட்டாமலே வாக்குக் கேட்டார்கள். நான்கில் மூன்று பங்கினர் வேண்டாம் என்றுவிட்டார்கள்.

வணிகப் பெருமக்கள் மனத்தில் இருக்கும் அச்சம் எனக்குத் தெரியும். கார் வராவிட்டால் வாடிக்கையாளர் வரமாட்டார், வில்லாபுரத்திலோ கே.கே. நகரிலோ பெரிய கடையாகப் பார்த்துப் போய்விடுவார் என்பதுதானே? நீங்களே உங்கள் கணக்குப் புத்தகத்தைப் பாருங்கள். தீபாவளிக்கு முந்தைய நாட்களில் காவல்துறை விளக்குத்தூண் பகுதிக்குள் வாகனங்களை விடாமல் திருப்பிவிடுகிறது. தெற்கு மாசி வீதி முழுக்கத் தலைகளாகத் தெரிகிறது. ஆண்டிலேயே உங்களுக்கு நல்ல விற்பனை அந்த நாட்களில்தானே? சித்திரைத் திருவிழாவில் தேர் மாசி வீதிகளைச் சுற்றி வரும் நாளில் ஒரு காரும் உள்ளே இல்லை. ஆனால் ஊரே உள்ளே இருக்கிறது. உங்கள் கடைக்குள் துணி எடுப்பது மனிதர்கள். ஒரு கார் நிற்கும் இடத்தில் பத்துப் பேர் நின்று கடையை வேடிக்கை பார்க்கலாம்.

அடுத்த எதிர்ப்பு நியாயமானது. அதை நான் மதிக்கிறேன். பணமுள்ளவர் கட்டிவிட்டுப் போவார், இல்லாதவர் வெளியே நிற்க வேண்டுமா என்று கேட்கிறார்கள். யாரிடம் வாங்குகிறோம் என்பதைப் பொறுத்தது இது. மதுரையில் இருசக்கர வாகனம் நடுத்தர, ஏழைக் குடும்பங்களின் வண்டி. அதற்கு இந்தக் கட்டணம் கூடவே கூடாது. ஆட்டோவுக்கும் கூடாது. சரக்கு வண்டிகளுக்குக் காலை எட்டு மணிக்கு முன்னும் இரவு ஒன்பதுக்குப் பின்னும் இலவசம் இருக்கட்டும். உள்ளே குடியிருப்பவர்களுக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும், மருத்துவ அவசரத்துக்கும் முழு விலக்கு வேண்டும். கப்பலூர் சுங்கச்சாவடியில் சொந்த ஊருக்குப் போக வர ஏன் கட்ட வேண்டும் என்று திருமங்கலத்து மக்கள் எத்தனை ஆண்டு போராடினார்கள் என்பது நாம் அறிந்ததே; அந்தத் தவற்றை இங்கே செய்யக் கூடாது. மிஞ்சுவது பெரும்பாலும் வெளியிலிருந்து பகலில் உள்ளே வரும் கார்கள்தாம். அவற்றில் பெரும்பாலானவற்றின் கண்ணாடியில் ஃபாஸ்டேக் ஏற்கெனவே ஒட்டியிருக்கிறது; வண்டியை நிறுத்திச் சில்லறை வாங்க வேண்டிய வேலை இல்லை.

அந்தப் பணம் எங்கே போகும் என்பதில்தான் எனக்கு மிகுந்த கவலை. பொதுநிதியில் கலந்துவிட்டால் இத்திட்டம் செத்துவிடும். 2021 முதல் நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணம் செய்கிறார்கள். அதனால் காலையில் ஏறுவோர் கூட்டம் எவ்வளவு என்பதைப் பெரியார் பேருந்து நிலையத்தில் நின்றால் பார்க்கலாம். மாட்டுத்தாவணியிலிருந்தும் ஆரப்பாளையத்திலிருந்தும் வெளி வீதிகளைச் சுற்றிச் சிறிய பேருந்துகள் ஐந்து நிமிடத்துக்கு ஒன்று வர வேண்டும். வெளி வீதியில் இறங்கி மாசி வீதிக்கு நடக்கும் தெருக்களில், முதியவரும் கால் வைக்கக்கூடிய நடைபாதை வேண்டும். இவை கட்டணத்துக்குப் பிறகு வரும் என்று வாக்குறுதி கொடுத்தால் போதாது. லண்டனைப் போல முதல் நாளே ஓட வேண்டும்.

நான் கேட்பது ஒரு சோதனை ஓட்டம். அதற்குச் சட்டமன்றத்தில் தெளிவான சட்டம் வேண்டும். தை பிறந்ததும் தொடங்கி ஆடி முடிவதற்குள் நிறுத்திவிடலாம்; இடையில் சித்திரைத் திருவிழா வந்துபோகும், தீபாவளி வணிகத்தை அது தொடாது. அந்த ஏழு மாதமும், வந்த தொகை இவ்வளவு, விட்ட பேருந்து இத்தனை என்று ஒவ்வொரு மாதமும் விளக்குத்தூணில் பலகை எழுதி வைக்க வேண்டும். வத்தல் மூட்டை வண்டி நான்கு மாசி வீதிகளையும் சுற்றி வர எத்தனை நிமிடம் ஆனது என்பதையும் அதே பலகையில் எழுத வேண்டும். ஆவணியில் இதே அவையைக் கூட்டி, அந்தப் பெரியவரையும் அழைத்து, வேண்டுமா வேண்டாமா என்று கேளுங்கள்.